கைவல்லான் கைகலக்கலாமா?

சென்ற மார்கழி மாதத்தில் நம் கலாசாலை மைதானத்தில் நடந்த ஹாக்கிப் பந்தயத்தைக் கண்டவர் பலர். அதன் முடிவை மறந்துவிட விரும்புவோரும் பலர். யான் மறக்க விரும்பினும் மறக்கலாகாத நிலையில் உள்ளேன். ஏனெனின், அன்று மட்டையை எறிந்துவிட்டு எதிர்க்கட்சி ஆட்டக்காரர் ஒருவரின் சட்டையைப் பற்றியவன் என் அறைத் தோழன், எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று, "விடாதே, அடி!" என்று கூவியவர்களுள் முதற்குரல் என்னுடையது.

நடந்ததைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். என் தோழன் நாமக்கல்லைச் சார்ந்தவன். அவன் தந்தையார் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையொன்றில் வெல்டிங் வேலை செய்பவர். மரவள்ளி பிடுங்கிய காட்டில், வேலமரத்து வளைந்த கொம்பை மட்டையாகவும் பழந்துணிச் சுருளைப் பந்தாகவும் கொண்டு ஆடத் தொடங்கிய அவன், இன்று நம் கட்சியின் முன்னணியில் வலப்புறத்து உள்ளாட்டக்காரன். பந்து அவன் மட்டையிற் சேர்ந்துவிட்டால் பசையிட்டு ஒட்டினாற்போல் நிற்கும். இதனை அறிந்தே அன்று வந்திருந்த கட்சியார் பந்தை விடுத்து அவன் கால்களை நாடினர். முதற்பாதியில் மூன்று முறை கணுக்காலில் அடி விழுந்தது. மூன்று முறையும் மத்தியஸ்தர் வேறு பக்கம் நோக்கியிருந்தார், அல்லது நோக்கியும் காணாதிருந்தார். நான்காவது அடி முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் விழுந்தபோது அவன் மட்டை கையினின்று நீங்கியது. பிறகு நிகழ்ந்ததை விரித்தல் வேண்டா. இருவரும் வெளியேற்றப்பட்டனர். எதிர்க்கட்சி இழந்தது ஓர் இடைநிலை ஆட்டக்காரரை; நாம் இழந்தது நம் கட்சியின் உயிரை. ஒன்றுக்கொன்றாய் நின்ற ஆட்டம் நான்குக்கு ஒன்றாய் முடிந்தது. அதன் மேலும், எஞ்சிய பருவ முழுவதும் என் தோழன் ஆடலாகாதென்ற தண்டமும் விழுந்தது.

அன்றிரவு விடுதியில் உணவு மேசையிற் பிறந்த வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. கைத்திறன் மிக்க ஆட்டக்காரன் தன்னைக் காத்துக்கொள்ளக் கை ஓங்கலாமா, ஆகாதா? ஓங்கலாமென்பார் கூறும் நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. "அடிப்பவன் அடிபடாதவரை அடிப்பான். ஒருமுறை திருப்பிக் கொடுத்தால் மறுமுறை யோசிப்பான். திறமைசாலியே முதற்குறியாதலால் அவனுக்கே அது முதற்கடன்" என்பர். ஆகாதென்பாரோ பொறுமையின் பெருமையை எடுத்தோதி, மத்தியஸ்தர் பார்த்துக்கொள்வார் என்று முடிப்பர். மத்தியஸ்தர் பார்க்கவில்லையே என்றால், அதற்கு அவர்களிடம் விடை இல்லை. யான் ஓங்கலாகாதென்னும் கட்சியைச் சார்ந்தவனாயினும், என் கட்சியார் இக்கேள்விக்கு விடை சொல்லாது நழுவுவதை ஒப்ப மாட்டேன்.

நம் முன்னோர் கைகலப்பையே வெறுத்தவர் என்று கூறிவிட முடியாது. ஆமூர் மல்லனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போரில் வீழ்த்தியதைச் சாத்தந்தையார் மகிழ்ந்து பாடியுள்ளார். புறநானூற்றில் அதனைப் பயிலாத தமிழ் மாணவர் இலர். ஆனால் அது மற்போர். இருவரும் அதற்கென்றே களம் புகுந்தனர். இருவர்க்கும் ஒரே கருவி, உடல். ஹாக்கிக் களத்திலோ ஒருவன் பந்தாட வந்திருக்கிறான், மற்றொருவன் பந்தாட வந்தவனை முடக்க வந்திருக்கிறான். என் தோழன் சட்டையைப் பற்றிய அக்கணமே தன் களத்தை விட்டு மற்றவன் களத்திற்குப் போய்விட்டான். பந்தாட்டத்தில் தன்னினும் பத்து மடங்கு தாழ்ந்தவனோடு, அவனுக்குப் பழகியதும் தனக்குப் பழகாததுமான ஒரு வேலையில் சமமாய் நின்றான். இதைக் காட்டிலும் பெரிய நட்டம் யாது?

நம் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு உரியவனான வல்வில் ஓரியை இங்கு நினைக்கலாம். அவன் எய்த அம்பொன்று யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் தைத்துச் சென்றதை வன்பரணர் பாடினார். அப்பாட்டில் நாம் காண்பது ஓரியின் வில்லும் கொடையுமே. அவன் எவனோடு பூசலிட்டான் என்பதைக் கேட்க நமக்குத் தோன்றுவதுமில்லை. (ஒரு சிறு வேடிக்கை: நம் மொழியில் கோல் என்பது மட்டைக்கும் பெயர், ஆங்கிலத்திலிருந்து வந்த கோல் என்பது எய்தவேண்டிய இலக்குக்கும் பெயர். கையிலுள்ள கோலை எறிந்தவன் எதிரிலுள்ள கோலையும் இழக்கிறான் என்று என் தோழனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.)

பழங்கதை போதும். ஹாக்கி உலகிற்கே வருவோம்.

1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் இறுதிப் பந்தயத்தை நம் நாட்டுச் சிறுவரும் அறிவர். மழையால் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் நடந்தது. எதிரே ஜெர்மனி. போட்டிகள் தொடங்குமுன் நடந்த பழக்க ஆட்டத்தில் அதே ஜெர்மனியிடம் நம்மவர் 4-1 என்று தோற்றிருந்தமையால், கட்சித் தலைவர் தியான் சந்துக்கு உள்ளூர அச்சம் இல்லாமலில்லை. ஈரத் தரையில் முற்பாதி முடிவில் ஒரேயொரு கோல்தான் நமக்கு. பிற்பாதியில் ஜெர்மானியர் உடல்வலியைக் கொண்டு ஆடத் தொடங்கினர். அவர்கள் கோல்காப்பாளர் மோதியதில் தியான் சந்தின் பல்லொன்று உடைந்தது. சிகிச்சை பெற்றுத் திரும்பியவர் தம் கட்சியாரை நோக்கி, இனிக் கோல் அடிப்பதில் விரைவு வேண்டா, பந்தை ஆளுவது எப்படியென்று இவர்களுக்குக் காட்டுவோம் என்றாராம். அவ்வாறே பந்தை எதிரியின் வட்டத்துள் கொண்டு போவதும், அடிக்காமல் பின்னே தள்ளுவதும், மீண்டும் கொண்டு போவதுமாக ஜெர்மானியரைத் திகைக்கச் செய்தனர் என்று அவ்வாட்டத்தைப் பற்றி வழிவழியாய்ச் சொல்லிவருகின்றனர். முடிவு 8-1. அப்போட்டிகள் அனைத்திலும் நம்மவர் வாங்கிய கோல் அந்த ஒன்றே.

இதனைப் பொறுமைக்கு உதாரணமாகப் பலர் எடுத்துக்காட்டுவர். எனக்கோ இதிற் பொறுமை அவ்வளவாகத் தென்படவில்லை. உடைந்த பல்லுக்குத் தியான் சந்த் நன்றாகவே பழிவாங்கினார். ஒரு குத்து விட்டிருந்தால் அந்தக் கோல்காப்பாளர்க்கு ஒரு வார நோவு. நடந்த விதத்திலோ தொண்ணூறு ஆண்டுகளாய்ப் பேசப்படுகிறது. வல்லவன் கோபங்கொள்ளக்கூடாதென்று யார் சொன்னார்? அக்கோபம் எக்கருவியிற் புகவேண்டும் என்பதே கேள்வி.

மறுபக்கத்தையும் காண்போம். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், ஆகஸ்ட் 4-ஆம் நாள், காலிறுதியில் இந்தியாவும் பிரிட்டனும் எதிர்த்தன. ஆட்டம் தொடங்கிய 17-ஆம் நிமிஷத்தில் நம் தற்காப்பு ஆட்டக்காரர் அமித் ரோஹிதாஸின் மட்டை பிரிட்டிஷ் ஆட்டக்காரர் ஒருவரின் முகத்தில் பட்டது. வேண்டுமென்று செய்ததன்று என்று நம்மவர் வாதித்தனர். படக்காட்சியைப் பார்த்த மத்தியஸ்தர்கள் சிவப்பு அட்டையைக் காட்டினர். எஞ்சிய நாற்பது நிமிஷத்துக்கு மேற்பட்ட காலம் பத்துப் பேரைக்கொண்டே ஆடி, 1-1 என்று நிறுத்தி, கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷின் துணையால் ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றனர். அவ்வெற்றியைத் தொலைக்காட்சியிற் கண்டு நம் விடுதியே ஆர்ப்பரித்தது. ஆனால் கணக்கு அத்துடன் தீரவில்லை. ரோஹிதாஸ் அடுத்த பந்தயத்தில் ஆடலாகாதென்று தடுக்கப்பட்டார். பெனால்ட்டி கார்னர் எடுக்கப்படும்போது உயிரைத் திரணமாய் எண்ணிப் பந்தின்மேற் பாய்ந்து செல்லும் முதல் ஆள் அவரே. அரையிறுதியில் ஜெர்மனி அடித்த முதற் கோல் பெனால்ட்டி கார்னரிலிருந்து வந்தது. பந்தயம் 3-2 என்று நழுவியது. அவர் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று துணிந்து கூற எவராலும் இயலாது. ஆயினும் அவர் இல்லை என்பது மட்டும் உறுதி. அவர் செய்தது பிழையோ தற்செயலோ, விதி அதனை ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. மட்டை முகத்தளவு உயர்ந்தது. கட்சி விலை கொடுத்தது. தற்செயலுக்கே இவ்விலையென்றால், வேண்டுமென்றே கை ஓங்குவார்க்கு எவ்வளவு?

அவ்விலையையும் நம் நாட்டில் கண்டிருக்கிறோம். 2019 நவம்பரில் தில்லி மாநகரில் நேரு கோப்பை இறுதிப் பந்தயம் 3-3 என்று நிற்கையில், பஞ்சாப் போலீஸ் கட்சியாரும் பஞ்சாப் நேஷனல் வங்கிக் கட்சியாரும் மட்டையாலும் முஷ்டியாலும் களத்திலேயே அடித்துக்கொண்டனர். யார் முதலில் அடித்தார், யார் காத்துக்கொள்ள அடித்தார் என்பதைப் படத்தை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் பிரித்தறிதல் அரிது. இரு திறத்தாரும் தண்டிக்கப்பட்டனர். தற்காப்பு என்னும் சொல் அடிதடி தொடங்கிய அரை நிமிஷத்திற்குள் பொருளற்றுப் போகிறது.

இந்நிலையில், சண்டையையே ஆட்டத்தின் ஓர் அங்கமாக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பாரும் உளர். அதனைச் செய்து பார்த்த நாடுகள் உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித்தரைமேல் ஆடப்படும் ஹாக்கியில், கைகலந்தவரை ஐந்து நிமிஷம் வெளியே உட்காரவைத்துப் பின் மீண்டும் ஆடவிடுவது நெடுநாள் வழக்கம். அங்கே ஒரு விநோதம் உண்டாயிற்று. திறமைசாலி தானே சண்டையிட்டால் ஐந்து நிமிஷம் நட்டமாதலின், அவனுக்காகச் சண்டையிட வேறோர் ஆளைக் கட்சியில் அமர்த்தினர். வேன் கிரெட்ஸ்கி என்னும் ஈடிணையற்ற ஆட்டக்காரர் எட்மண்டன் கட்சியில் ஆடிய நாளில் டேவ் செமென்கோவும் மார்ட்டி மெக்ஸோர்லியும் அவருக்கு அரணாய் நின்றனர். 1988-இல் அவர் லாஸ் ஏஞ்சலீஸுக்கு மாற்றப்பட்டபோது மெக்ஸோர்லியும் உடன் சென்றார். கிரெட்ஸ்கியைத் தொட அஞ்சினர், உண்மையே. ஆனால் அரணாய் நின்றவர் கதி யாது? அதே மெக்ஸோர்லி 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டொனால்ட் பிரேஷியர் என்பவரைத் தலையில் மட்டையால் அடித்து வீழ்த்தினார். வான்கூவர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியென்று தீர்த்தது. அந்தப் பெருங்கழகத்தின் ஆட்டம் ஒன்றிலும் பின்னர் அவர் ஆடவில்லை. அவ்வகைச் சண்டைக்காரருள் ஒருவரான டெரெக் பூகார்ட் 2011-இல் 28 வயதிலேயே இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர் அடிகளால் நேரும் நோய் அதில் இருக்கக் கண்டனர். ஒருவன் கைத்திறன் தழைக்க மற்றொருவன் மண்டையை உரமாக இடும் அவ்வேற்பாட்டை நம் மைதானத்திற்கு வேண்டுவார் யாரேனும் உளரோ?

கிறிஸ்தவ மாணவனாகிய என்னிடம், மறு கன்னத்தையும் காட்டென்னும் உபதேசத்தைச் சிலர் நினைவூட்டினர். அதனை யான் மறுக்கவில்லை. ஆயினும் யோவான் சுவிசேஷத்தில் மற்றொரு காட்சியுண்டு. பிரதான ஆசாரியனுக்கு முன் நின்ற நம் ஆண்டவரைச் சேவகனொருவன் அறைந்தபோது அவர் வாய்மூடி நிற்கவில்லை. தாம் சொன்னது தவறானால் அதனை எடுத்துக்காட்டும்படியும், அன்றேல் அடித்ததற்குக் காரணம் கூறும்படியும் அவனைக் கேட்டார். கை எழவில்லை, குரல் எழுந்தது. பொறுத்தல் என்பது அநீதியைக் கண்டு ஊமையாதல் என்று நம்மவர் பலர் கொண்டிருக்கும் கருத்துக்கு இக்காட்சி இடந்தரவில்லை. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1930-இல் வேதாரணிய உப்பு யாத்திரைக்கு நடைப்பாட்டு எழுதித் தந்தாரே, அப்பாட்டைப் பாடிச் சென்றோர் எவரும் பொறுமையினால் வீட்டில் உட்கார்ந்திருந்தவரல்லர்.

நாட்டுச் சட்டமும் தற்காப்புரிமையை மறுக்கவில்லை. பழைய தண்டனைச் சட்டத்திலும், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்திலும் அவ்வுரிமை உண்டு. ஆனால் அதிகாரிகளின் துணையை நாட நேரமிருக்குங்கால் அவ்வுரிமை இல்லை. காத்தற்கு வேண்டியதினும் மிகுதியாய்த் தீங்கிழைக்கவும் இடமில்லை. ஆகவே, மேலே விழும் மட்டையைக் கையால் தடுத்து விலக்குதல் தற்காப்பு. அடி விழுந்து, அடித்தவன் இரண்டடி நகர்ந்தபின் போய்ச் சட்டையைப் பற்றுதல் தற்காப்பன்று. என் தோழன்மேல் எனக்குள்ள அன்பு இவ்வுண்மையை மாற்றாது.

இனி, என் கட்சியார் விடை சொல்லாது விட்ட கேள்விக்கு வருகிறேன். அதிகாரி காணாவிட்டால்?

ஹாக்கி விதிகளில், தம் கட்சியார் அனைவருடைய நடத்தைக்கும் தலைவரே பொறுப்பாளி என்றொரு விதி உண்டு. தலைவர் கையிற் கட்டியிருக்கும் பட்டை அலங்காரத்திற்கன்று. அன்று முதலடி விழுந்தபோதே நம் தலைவர் ஆட்டம் நின்ற சமயம் பார்த்து மத்தியஸ்தரிடம் பணிவாகச் சென்று சொல்லியிருக்கவேண்டும். இரண்டாவது அடிக்கு மறுபாதியை ஆளும் மற்ற மத்தியஸ்தரிடமும், எதிர்க்கட்சித் தலைவரிடமும் சொல்லியிருக்கவேண்டும். பச்சை அட்டை காட்டி இரண்டு நிமிஷம், மஞ்சள் அட்டை காட்டி ஐந்து நிமிஷத்திற்குக் குறையாமல் வெளியேற்றும் அதிகாரம் மத்தியஸ்தர்க்கு உண்டு. கேட்பாரின்றி அது துருப்பிடித்துக் கிடந்தது. மூன்றாவது அடிக்குப்பின் என் தோழனைச் சற்று வெளியே அழைத்து, காலுக்கு ஐஸ் வைத்து, நெஞ்சு ஆறியபின் அனுப்பியிருக்கலாம். ஹாக்கியில் ஆளை மாற்றி மீண்டும் இறக்கத் தடையில்லை. இவற்றுள் ஒன்றும் நடக்கவில்லை. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தனர். தனியே விடப்பட்டவன் தனியே தீர்த்துக்கொண்டான்.

பந்தயம் முடிந்து, பயிற்சியாளர் கடிந்துகொண்டபோது அவன் சொன்னதை அவன் சொற்களிலேயே எழுதுகிறேன். "மூணு தடவ சொன்னேனுங்க சார். ஒருத்தருங் கேக்கலீங்க. காலு என்னுதுங்களே." இதற்கு அவரும் விடை கூறவில்லை, யானும் கூறவில்லை.

குரல் எழுப்புவதும் செலவற்றதன்று. தமிழ்ப் பெற்றோர்க்குப் பூனாவை அடுத்த கட்கியில் பிறந்த தன்ராஜ் பிள்ளை நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடியவர். 1998-இல் பாங்காக்கில், ஆசிய விளையாட்டில் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் தங்கம் கொணர்ந்த கட்சிக்குத் தலைவர். ஆட்டக்காரர்க்கு உரியதைக் கேட்டு வாய்திறக்க அவர் அஞ்சியதில்லை. அத்தங்கத்தின் ஈரம் உலருமுன் அவரும் உடனாடிய சிலரும் கட்சியினின்று விடப்பட்டனர். எனினும் அவர் மீண்டு வந்தார். 2000-இலும் 2004-இலும் ஒலிம்பிக்கில் ஆடினார். சொன்ன சொல்லுக்காக நீக்கப்பட்டவரைத் திரும்ப அழைக்கலாம். கை ஓங்கியவரைத் திரும்ப அழைக்க முதலில் நாணவேண்டியிருக்கிறது.

திறமைசாலியும் தன் பங்கிற்குச் செய்யவேண்டுவது உண்டு. கோபம் வந்தபின் அதனை அடக்கக் கற்பதைவிட, அடி வருமுன் பந்தை விட்டுவிடக் கற்பது எளிது. என் தோழன் பந்தை இரண்டு நொடி அதிகமாகவே வைத்திருப்பான்; கூட்டம் ஆரவாரிக்குமே என்ற ஆசை. அந்த இரண்டு நொடியில்தான் கணுக்கால் அகப்படுகிறது. இதனைச் சொன்னபோது அவன் என்னோடு ஒரு நாள் பேசவில்லை. மறுநாள், "அதுவும் நெசந்தான்" என்றான்.

எஞ்சியிருப்பது எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற கூட்டம். அவன் சட்டையைப் பற்றுமுன் எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அதனை யான் கண்டேன். அப்போது எம்முள் ஒருவர், "வேண்டாம், பந்தைப் பார்" என்று கூவியிருப்பின் அவன் காதில் விழுந்திருக்கும்; என் குரல் விழுந்ததே! பருவ முழுவதும் ஆடலாகாதென்ற தண்டம் அவனுக்கு வந்தது. கூவியவர்களுக்கு ஒரு தண்டமும் இல்லை. அன்றிரவு வழக்கம்போல் உணவுண்டோம். விளையாட்டுப் பிரிவில் ஒரு வேலை கிடைத்தால் தந்தையாரைப் பட்டறைப் புகையிலிருந்து விடுவிக்கலாமென்று அவன் கணக்கிட்டிருந்தான். அக்கணக்கில் இவ்வோராண்டு வெற்றிடமாய் நிற்கிறது.

வரும் ஆனி மாதத்தில் புதிய கட்சி தெரிந்தெடுக்கப்படும். தலைவராக வருபவர் எவராயினும், பந்தயத்துக்கு முன்னரே மத்தியஸ்தர் இருவரையும் கண்டு பேசுதலும், முதலடிக்கே சென்று முறையிடுதலும் தம் வேலையென்று கட்சியார் முன்னிலையில் ஒப்புக்கொள்ளவேண்டும் என்று கேட்டுப் பயிற்சியாளர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதியுள்ளேன். முப்பத்தொருவர் கையொப்பம் இட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் அன்று என்னோடு கூவியவரே.

என் தோழன் கையொப்பம் இடவில்லை. அவன் மட்டை மார்கழி முதல் என் கட்டிலின் கீழ்க் கிடக்கிறது. பிடியிற் சுற்றியிருந்த நாடா நைந்துவிட்டது. சென்ற வாரம் சேலம் கடைவீதிக்குப் போனபோது புதிய நாடா ஒன்று வாங்கி மேசைமேல் வைத்தேன். இன்னும் பிரிக்கவில்லை, ஆனால் நேற்று அதனை எடுத்து நிறம் பார்த்தான்.